ஆளில்லாத வீட்டில் ஓடிய ஃப்ரிட்ஜ்

"எங்க வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் கிளம்பிப் போயாச்சு. ஃபேன் ஓடலை, லைட் எரியலை, டிவி இல்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் மத்தியானம் மூச்சு வாங்க ஓடுது. ஏன்?"

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு கரண்ட் அக்கா என்னிடமும் அம்மாவிடமும் இப்படிக் கேட்டார். அக்கா வந்தது ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்க. "வீட்டுக்கு வந்தா முதல்ல மனுஷங்களை விசாரிக்கணும்மா, அப்புறம் ஃப்ரிட்ஜை விசாரிக்கலாம்" என்று அம்மா சொன்னதற்கும் அவர் சிரிக்கவில்லை. சர்க்கரைக் கிண்ணத்தைச் சமையல் மேடையிலேயே மறந்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இருப்பவர். நாற்பதை நெருங்கும் வயது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் மாதிரி நடப்பார். உட்கார்ந்தாலோ வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாங்க?" என்று கேட்கும் அளவுக்கு ஆடும். சாப்பிடுவது நின்றுகொண்டுதான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் சுவிட்சை ஒரு முறை போட்டு, அணைத்து, மறுபடி போடுவார். "ஒரு தடவை போட்டா அது தற்செயலா இருக்கலாம், ரெண்டு தடவை போட்டாத்தான் அது யாருன்னு தெரியும்" என்பது அவர் கட்சி. சுவிட்சையும் பல்பையும் 'யார்' என்று கேட்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆள்களைப் பற்றிப் பேசும்போது நிலைமை தலைகீழ். எதிர்வீட்டுக் குடும்பம் அவருக்கு "இஸ்திரிப்பெட்டி வீடு". மூன்றாம் தளத்துப் பெரியவர் "ராத்திரி ஹீட்டர்". எங்களை என்ன பெயரில் சொல்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை என்று அம்மா சொல்லிவிட்டார்.

அவர் வேலை அப்படி. ஒரு வீட்டுக்குள் வரும் மின்சாரம் முழுக்க ஒரே ஒரு கம்பி வழியாகத்தான் வருகிறது. மீட்டர் பெட்டியில் அந்தக் கம்பியைச் சுற்றி வளையல் போல ஒரு வளையத்தை மாட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது ஓடினாலும் ஓய்ந்தாலும், அலுவலகத்துத் திரையில் ஒரு கோடு ஏறும், இறங்கும். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானிலும் தனித்தனியாக எதையும் ஒட்ட வேண்டாம். அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தே இது ஃப்ரிட்ஜ், இது துவைக்கும் எந்திரம், இது தண்ணீர் மோட்டார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எது அதிகம் தின்கிறது என்று வீட்டுக்காரர்களுக்குக் கணக்குப் போய்ச் சேரும். பிரித்துச் சொல்வது கம்ப்யூட்டர். அது தப்பாகச் சொல்லும்போது தலையில் குட்டித் திருத்துவது கரண்ட் அக்கா.

"ஃப்ரிட்ஜ் எழுந்திருக்கும்போது ஒரு துள்ளு துள்ளும். அப்புறம் அடங்கி, நல்ல பிள்ளையா ஓடும். இஸ்திரிப்பெட்டி சதுரம் சதுரமா வரும், கட்டடம் கட்டின மாதிரி. துவைக்கிற மெஷின் புல்லு முளைச்ச மாதிரி நடுங்கும். ஃபேன் இருக்கே, அது ரொம்ப அடக்கம். வாசப்படி உயரம்தான் ஏறும். கவனிக்கலைன்னா தாண்டிப் போயிடுவோம்."

இதைச் சொல்லும்போது விரலைத் தண்ணீரில் தொட்டு மேசைமேல் கோடு போட்டுக் காட்டுவார். அவர் எழுந்து போன பின் எங்கள் மேசை நெடுக ஈர மலைகள் கிடக்கும்.

புதிதாக வளையம் மாட்டும் வீடுகளுக்கு அவரே நேரில் போவதும் உண்டு. நடு அறையில் நின்றுகொண்டு, வீட்டுக்காரர்களை ஓடவிட்டு வேலை வாங்குவார். "மிக்ஸியைப் போடுங்க. அணைங்க. இப்ப ஹீட்டர். அணைங்க. சார், நீங்க ஏன் சும்மா நிக்கறீங்க, அந்த ரூம் லைட்டைப் போடுங்க." ஒரு வீட்டில் கல்யாணமாகிப் பல வருடம் ஆன கணவன் மனைவி, எந்தச் சுவிட்ச் எதற்கு என்று தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டார்களாம். "நான் அமைதியா நின்னு கோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன். சண்டைக்குக் கரண்ட் செலவாகலை" என்றார் அக்கா.

தன் வீட்டுக் கம்பியிலும் ஒரு வளையத்தை மாட்டி வைத்திருந்தார். வேலைக்குப் பழக என்று சொல்லித்தான் மாட்டினார். அலுவலகத் திரையின் மூலையில் அவர் வீட்டுக் கோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் டிவி போட்டால் அடுத்த நிமிடமே ஃபோன் அடிக்கும்.

"வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?"

"முடிச்சிட்டேம்மா."

"டிவி பார்த்துக்கிட்டே முடிச்சியா?"

மகள் ஒரு நாள் டிவியை அணைத்துவிட்டுக் கையில் ரிமோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். "எங்க வீட்ல அம்மா இல்லாதப்பவும் அம்மா இருக்காங்க" என்றாள்.

கணவர் அச்சகத்தில் எந்திரம் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் குத்தலாக ஒன்று இருக்கும். "இந்த வீட்ல மூச்சு விட்டா மட்டும்தான் இவளுக்குத் தெரியாது. அதுக்கும் ஒரு வளையம் வந்துடும், பாருங்க" என்று ஒரு முறை எங்கள் அப்பாவிடம் சொன்னார். அக்கா பெருமையாகச் சிரித்தார். "எங்கிட்ட எதையும் மறைக்க முடியாது" என்றார். அப்போது அது வெறும் வேடிக்கைப் பேச்சு.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் அந்த மத்தியானத் தொந்தரவு தொடங்கியது.

காலையில் மூவரும் கிளம்பிவிடுவார்கள். மகள் பள்ளிக்கூடத்துக்கு, அக்கா அலுவலகத்துக்கு, கணவர் சாப்பாட்டுப் பையோடு அச்சகத்துக்கு. காலி வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும் கொஞ்சம் ஓடும், நீளமாக ஓயும், மறுபடி கொஞ்சம் ஓடும். அணிவகுப்பு மாதிரி ஒரே சீர். திடீரென்று சில வாரங்களாக நண்பகல் வந்தால் அந்தச் சீர் கெட்டுப்போனது. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் ஃப்ரிட்ஜ் எழுந்துகொண்டது. எழுந்தால் சீக்கிரம் படுக்கவில்லை.

முதலில் வெயில் என்று நினைத்தார். ஆனால் போன மாதமும் இதே வெயில்தான். அப்போது ஒழுங்காக ஓடியிருக்கிறது. பிறகு கதவு ரப்பர்மேல் சந்தேகம் வந்தது. கதவிடுக்கில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்த்தார். தாள் இறுக்கமாகத்தான் வந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் ரப்பரை மாற்றினார். மாறவில்லை. சுவரோடு ஒட்டி நிற்பதால் சூடு வெளியேறவில்லையோ என்று ஃப்ரிட்ஜை நடு அறைவரை இழுத்துவந்து வைத்தார். சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள். "அம்மா, ஃப்ரிட்ஜுக்கு ஒரு பாய் போட்டுக் குடுத்துடு" என்றாள் மகள். கணவர் ஃப்ரிட்ஜின் தலையில் இருந்த இரண்டு கண்ணாடி ஜாடிகளை மட்டும் விழாமல் நகர்த்தி வைத்தார். அந்த ஜாடிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கும். ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கும்போது உடம்பை ஒரு உலுக்கு உலுக்குமே, அப்போது 'கிணுங்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் அக்காவுக்கு வேண்டும் என்பதால் ஜாடிகளைப் பிரித்து வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

அலுவலகத்தில் அவர் கால் முன்னைவிட அதிகமாக ஆடியது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கண்ணாடி போட்ட தம்பி, மேசை நடுங்குகிறது என்று தன் தேநீர்க் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வேலை செய்தார்.

"அக்கா, ஊரான் வீட்டுக் கோடெல்லாம் வரிசையில நிக்குது. நீங்க உங்க வீட்டு ஃப்ரிட்ஜையே பார்த்துக்கிட்டிருக்கீங்க."

"அதுக்கு ஏதோ வியாதிப்பா."

"பேய் கீய் வந்து ஐஸ் தின்னுதோ என்னமோ."

"சும்மா இரு. எதுன்னு தெரியாம எனக்குச் சாப்பாடு இறங்கலை."

எது, எது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தொழிலில் அந்த ஒரு கேள்விதான் உண்டு. கோட்டில் ஒரு மேடு வந்தால், அது எந்தச் சாமான். வேறு எதையும் அவர் கண் தேடிப் பழகவில்லை. அதனால்தான் வேறு யாரும் செய்யாத ஒரு காரியத்தை அவர் செய்தார். வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும், ஃப்ரிட்ஜுக்கு வைத்தியம் பார்க்க ஆள் கூப்பிட்டார்.

ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக் வந்தார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மெக்கானிக் ஃப்ரிட்ஜின் முதுகுப் பக்கம் படுத்துக்கொண்டார். அக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். கணவர்தான் குனிந்து நின்று டார்ச் பிடித்தார்.

"பெட்டி நல்லா இருக்குக்கா. கேஸ் இருக்கு, மோட்டார் இருக்கு, ரப்பர் புதுசு. இதுக்கு ஒரு வியாதியும் இல்லை."

"அப்ப ஏன் மத்தியானம் மட்டும் இப்படி ஓடுது?"

"அடிக்கடி திறந்து மூடினா இப்படித்தான் ஓடும். வெளிக்காத்து உள்ள போயிடுதில்ல. மறுபடி குளிர வைக்க வேணாமா?"

"திறக்க வீட்ல யாரு இருக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும். நான் ஃப்ரிட்ஜுக்கு மட்டும்தான் டாக்டர்."

டார்ச் வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்தது. "இங்க காட்டுங்கண்ணே" என்றார் மெக்கானிக். வெளிச்சம் திரும்பி வந்தது.

கதவைத் திறந்தால் உள்ளே ஒரு குட்டி விளக்கு எரியும், அது கோட்டில் தெரியாதா என்று நான் பிற்பாடு அக்காவிடம் கேட்டேன். தெரியாதாம். அது அவ்வளவு சின்னது, கோட்டின் சாதாரண நடுக்கத்திலேயே கரைந்துபோய்விடும். திறந்த கதவைக் காட்டிக்கொடுப்பது அதற்கு அப்புறம் ஃப்ரிட்ஜ் வாங்கும் மூச்சுதான்.

அடுத்த நாள் நண்பகலில் ஃப்ரிட்ஜ் சொஸ்தமாகிவிட்டது.

அக்கா நம்பவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்சம் ஓடியது, நீளமாக ஓய்ந்தது, கொஞ்சம் ஓடியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். "குணமாயிடுச்சா, சந்தோஷம், இனிமேலாவது காலை ஆட்டாம உட்காருங்க" என்றார் கண்ணாடித் தம்பி. அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. மெக்கானிக் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லையே. வெறும் வாயால் நாலு வார்த்தை சொன்னார். வார்த்தை கேட்டு ஃப்ரிட்ஜ் திருந்துமா?

ஃப்ரிட்ஜ் திருந்தாது. அந்த வார்த்தையைக் கேட்டது வேறு யார்? அந்த அறையில் இருந்தது மூன்று பேர்.

பொறி தட்டியதும் முதலில் அவர் நினைவுக்கு வந்தது கணவரின் நகங்கள். அச்சு மை ஏறி ஏறி, கல்யாணமான நாளிலிருந்தே கறுப்பாகப் பார்த்த நகங்கள். கொஞ்ச நாளாக வெளுத்துச் சுத்தமாக இருந்தன. "என்ன, கை பளபளன்னு இருக்கு" என்று இவரே ஒரு நாள் கேட்டிருக்கிறார். "நல்ல சோப்பு ஒண்ணு கிடைச்சுது" என்று பதில் வந்தது. கேட்டுவிட்டு அடுத்த நொடியே அடுப்புப் பக்கம் திரும்பிப் போயிருக்கிறார்.

கோபம் தலைக்கு ஏறியது. தினமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாரே, எங்கே போகிறார், எப்போது திரும்பி வருகிறார், யாரோடு வருகிறார் என்று கண்டதெல்லாம் மனசில் ஓடியது. உடனே வீட்டுக்கு ஓட வேண்டும் என்று எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். இப்போது போனால், கதவைத் திறக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில் எப்படிப் புழங்குவது? போகாமல் இருந்தாலோ இருப்புக்கொள்ளவில்லை. தன் கணிப்பே தப்பாகவும் இருக்கலாம். அவர் அச்சகத்தில் நின்று எந்திரம் ஓட்டிக்கொண்டும் இருக்கலாம். கோடு தட்டையாகக் கிடந்தது. காலி வீடும் அப்படித்தான் கிடக்கும், ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வீடும் அப்படித்தான் கிடக்கும்.

அக்கா ஃபோனை எடுத்துக் கணவரை அழைத்தார்.

"சொல்லு" என்றார் கணவர்.

அச்சகத்திலிருந்து அவர் எப்போதும் "சத்தமா பேசு, கேக்கலை" என்றுதான் தொடங்குவார். பின்னால் எந்திரம் தடதடக்கும். இன்று அவர் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"சாப்பிட்டாச்சா?"

"ம். இப்பத்தான்."

"எங்க இருக்கீங்க?"

"வேலையிலதான். வேற எங்க இருப்பேன்."

அக்கா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கோடு ஒரு படி உயரத்தில் நேராகப் போனது.

ஃபோனில் ஒரு சின்ன உலுக்கல் சத்தம். அதைத் தொட்டுக்கொண்டு, 'கிணுங்.'

திரையில் கோடு இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

எத்தனையோ பேர் வீட்டு இறக்கத்துக்குப் பெயர் வைத்தவருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை, அவர் வீட்டில்தான் இருக்கிறார். கேள்விகள் வாய்வரை வந்து நின்றன. என்னிடமே மறைத்தீர்களா. எத்தனை நாளாக. நான் என்ன வேற்று ஆளா. முதல் கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தும்விட்டார். அப்போதுதான் அவர் கண் அந்தத் தட்டைக் கோட்டில் பட்டது.

ஃப்ரிட்ஜ் நின்றபின் அங்கே எதுவுமே இல்லை. வாசப்படி உயரம் ஏறும் அந்த அடக்கமான மேடுகூட இல்லை. அலுவலக ஜன்னலுக்கு வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. பூட்டிய ஜன்னல்களுக்கு உள்ளே, நடு அறையில், ஒரு மனிதர், கோட்டில் தெரிந்துவிடும் என்று ஃபேனைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வாரமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். பையில் இருந்த சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்ளவில்லை. எப்போதும் ஓடுகிற ஒரே சாமான் என்று நம்பி ஃப்ரிட்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீர் குடித்திருக்கிறார். மெக்கானிக் வந்துபோன பிறகு அதையும் விட்டுவிட்டார்.

"அங்க புழுக்கமா இருக்கும்" என்றார் அக்கா. "ஃபேனைப் போட்டுக்கங்க."

ஃபோனில் நாற்காலி தரையில் உரசியது. நாலைந்து காலடிச் சத்தம். ஒரு சுவிட்ச்.

திரையில் கோடு வாசப்படி உயரம் ஏறியது.

"ஃப்ரிட்ஜ் எப்படியும் ஓடிக்கிட்டேதானே இருக்கும்னு நெனச்சேன்" என்றார் கணவர்.

"தண்ணி குடிக்கக்கூட யோசிப்பாங்களா?"

"மெஷினை வித்துட்டாங்க. எல்லாரையும் அனுப்பிட்டாங்க. காலையில நாலு இடத்துல கேட்டுட்டு வந்து உட்காருவேன். வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு..."

"சாயங்காலம் சொல்லுங்க. நான் சீக்கிரம் வரேன்."

"திட்டுவியா?"

"திட்டாம எப்படி இருக்க முடியும்? முதல்ல சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

"ஏற்கெனவே சாப்பிட்டேன்னு சொன்னேனே."

"வேலையில இருக்கேன்னும் சொன்னீங்க."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. ஃபோனை வைத்த கொஞ்ச நேரத்தில் கோடு விறுவிறுவென்று உயர்ந்தது. மைக்ரோவேவ் அடுப்பு. தட்டு சுற்றி முடியும்வரை உயரத்தில் நின்று, இறங்கி, மறுபடி ஃபேனின் வாசப்படிக்கு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் அக்கா மாடிப்படியில் நின்றபடி, அதுவும் இரண்டு படி ஏறி ஒரு படி இறங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். பின்னாலேயே கணவர் வந்தார். எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னைக் காட்டிக்குடுத்தது பொண்டாட்டி இல்லை, ஃப்ரிட்ஜுன்னு எழுது" என்றார். இன்னும் அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. காலையில் நாலு இடம் கேட்டுவிட்டு நண்பகலில் வீடு திரும்புகிறார். கீழ்த்தளத்தில் ஃபேன் ஓடும் சத்தம் எங்களுக்கும் கேட்கிறது. ஃப்ரிட்ஜ் மறுபடி சுவரோரம் போய்விட்டது. மீட்டர் பெட்டியில் வளையம் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கழற்றிவிடவா என்று அக்கா கேட்டாராம். "இருக்கட்டும், நான் சாப்பிட்டேனா இல்லையான்னு ஃபோன் பண்ணிக் கேக்கற செலவு மிச்சம்" என்றாராம் கணவர்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைக் கவனித்தவர் பக்கத்து நாற்காலிக் கண்ணாடித் தம்பி. அந்த வீட்டில் வேலை நாளின் நண்பகல் நேரத்தில் இதுவரை ஃபேன் ஓடியதே இல்லை என்பதால் கம்ப்யூட்டருக்குக் குழப்பம் வந்துவிட்டது. புதிதாக ஏறிய சின்ன மேட்டின் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் திறந்து, 'இது என்ன?' என்று கேட்டது. எந்த மேட்டையும் பெயரில்லாமல் விட்டு அறியாதவர் கரண்ட் அக்கா. தம்பி தன் தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கோப்பையில் தேநீர் அலையாமல் நின்றது. அக்காவின் கால் ஆடவில்லை. அவர் அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் மூடினார். பிறகு, சூடு தாங்குமா என்று பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பவர் போல, திரையில் அந்தச் சின்ன மேட்டின்மேல் விரல் நுனியை வைத்தார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது காலையில் பையோடு கிளம்பிப் போய், நண்பகலில் சத்தமில்லாமல் கதவைத் திறந்து, ஃபேனைப் போடாமல் உட்கார்ந்திருக்கலாம். இதைப் படித்தவர்கள் தயவுசெய்து அவர் காதில் விழும்படி நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள்.